மைனர் குட்டி போட்ட பெட்டி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். மாடிப்படிக்குக் கீழே கொடி கட்டச் சொன்னாள் வசந்தா. கட்டினேன். தாழ்வாகக் கட்டிவிட்டேனாம். அவளே அவிழ்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, உயர்த்திக் கட்டினாள்.

"நீங்க போய் உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்."

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் அரை ஆயுசு. போன சித்திரையில் ஒரேயடியாக அரிமளம் வந்தாயிற்று. வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். வசந்தா கோபமாகச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் சொல்கிறாள். சங்கடமே அதில்தான்.

சரி, உட்காரலாம் என்று போனால் நாற்காலியில் மைனர்.

மைனர், பூனை. சாம்பல் உடம்பு, கறுப்பு வரி, கழுத்தில் மட்டும் வெள்ளை. நான் ஊரில் இல்லாதபோது வந்து சேர்ந்தது. தெருவில் நடக்கும் தோரணையைப் பார்த்து வசந்தா வைத்த பெயர். நான் நின்றேன். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. மூடிக்கொண்டது. நான் படியில் உட்கார்ந்தேன்.

மாலை கயல் போன். எங்கள் ஒரே மகள். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. தையில் கல்யாணம். மாப்பிள்ளை பிரபு, திருவரங்குளம், பள்ளிக்கூட வாத்தியார்.

"அப்பா, மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் வைக்கிறாங்க. என் சின்ன வயசு போட்டோவெல்லாம் ஓடவிடணும். மாசக் கடைசிக்குள்ள வீடியோக்காரர்கிட்ட குடுக்கணும்."

"எடுத்து வைக்கிறேன், ஆத்தா."

"அம்மாவோட நெறையா இருக்கும். ஒங்களோட அந்த ஒன்னுதானே இருக்கு? ஏர்போர்ட் போட்டோ. நான் ஒங்களப் பாத்துப் பயந்து கத்துவேன்ல? அது கட்டாயம் வேணும். எல்லாரும் சிரிப்பாங்க."

நானும் சிரித்தேன்.

அந்தப் படத்தின் கதை சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். பரப்பியவனே நான்தான். கயல் வயிற்றில் இருந்தபோது விமானம் ஏறியவன், முதல் லீவில் வரும்போது அவளுக்கு மூன்று வயது. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி ஆசையாகத் தூக்குகிறேன். யாரோ வேற்றாள் என்று வீரிட்டு அழுது அம்மாவிடம் தாவுகிறாள். வசந்தாவின் தம்பி சேகர் அதைப் படம் எடுத்துவிட்டான். டீக்கடையில், கல்யாண வீட்டில், போன மாதம் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். படத்தைப் பார்த்தது என்னவோ ஒரே தடவை, அடுத்த லீவில், அவசரமாக.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே வசந்தாவின் முகூர்த்தச் சேலை, அடியில் ஆல்பங்கள். அதற்குள் கரண்ட் போய்விட்டது. நாளை பார்க்கலாம்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். மைனரை நேற்று முழுக்கக் காணோம். நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

இன்று காலை வசந்தாவின் குரல்: "என்னங்க! இங்கிட்டு ஓடியாங்க!"

"பாம்பா?"

"மைனரு குட்டி போட்டிருக்காரு!"

பெட்டியின் மூடியைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். உள்ளே முகூர்த்தச் சேலையின் மேல் மைனர். வயிற்றோடு ஒட்டி மூன்று. ஒன்று சாம்பல், இரண்டு கறுப்பு. எலிக்குஞ்சு அளவு. நான் எட்டிப் பார்த்ததும் ஒரு சீறல். பின்வாங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் வசந்தா, கடுவன்னுல்ல சொன்ன?"

"நடைய வச்சுச் சொன்னேங்க்கா."

"நடைய வச்சா பாப்பாங்க?"

நான் உள்ளே போய்விட்டேன்.

வசந்தாவின் உத்தரவு: பெட்டியை யாரும் தொடக் கூடாது. மனுச வாடை பட்டால் குட்டிகளை எங்கேயாவது தூக்கிக்கொண்டு போய்விடும். மழைக் காலம், வெளியே நாய் வேறு.

"அப்ப போட்டோ?"

"குட்டி வளந்தா அதுவா எடம் மாத்தும்."

"மாசக் கடைசிக்குள்ள மாத்துமா?"

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

சேலை போச்சே என்று நான்தான் வருத்தப்பட்டேன். அவள் அசையவில்லை. "எனக்கு ஒரே ஒரு நாள் ஒதவுச்சு. அது மூணு புள்ளைக்கு ஒதவுதுல்ல."

மைனர் என்ற பெயரை மாற்றலாமா என்று பேச்சு வந்தது. மாற்றினால் கூப்பிட்டதற்கு வராது என்றாள். இப்போது மட்டும் வருகிறதா என்ன.

நவம்பர் 8, சனி

விட்டு விட்டு மழை. கொத்தமல்லி, தீப்பெட்டி, பூனைக்குப் பால். கடையில் மூன்றாவதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பெட்டிக்குள் கைவைக்க முடியாது. என்னிடம் இருக்கும் படங்களைப் பார்த்தேன். வருசா வருசம் வசந்தா கயலைப் புதுகைக்குக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் எடுத்து எனக்கு அனுப்பியவை. சிங்கப்பூரில் என் கட்டிலுக்கு மேல் பலகையில் ஒட்டி வைத்திருந்தேன். முனைகளில் இன்னும் டேப் பிசுக்கு. அங்கே இருந்தவரை தினமும் பார்த்த படங்கள். வசந்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தது இன்றுதான் முதல் தடவை.

கயல் காதில் பொம்மை டெலிபோன். பின்னால் திரையில் அருவி. என்னோடு பேசுகிறாள் என்று நினைத்து எத்தனையோ நாள் அந்தப் படத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"அதுவா? போனை வைக்க மாட்டேன்னு ஸ்டுடியோவுல உருண்டு பொரண்டு அழுதா. தேன்மிட்டாய் வாங்கிக் குடுத்துத்தான் வாங்குனோம்."

கயல் பச்சைப் பட்டுப் பாவாடையில். "அது பாக்கியத்தக்கா மக பாவாடை. பின்னாடி ஊக்கு குத்தியிருக்கேன், அதான் கைய பின்னாடி வச்சிருக்கா."

வசந்தா ஒரு டி.வி.எஸ். வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். ஸ்டுடியோக்காரர்கள் அழகுக்கு நிறுத்தியிருக்கும் வண்டி என்றே இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

"நம்ம வண்டிதாங்க. நான் ஓட்டுனது."

"நீயா?"

"ஸ்கூலுக்கு யாரு கொண்டுபோய் விட்டா? ஒங்ககிட்ட சொன்னா அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டுப் பயப்படுவீங்க. படத்துல காட்டுனேன். நீங்கதான் கேக்கல."

வண்டி எங்கே என்று கேட்டேன். விற்று வருசக்கணக்காகிறதாம். விழுந்திருக்கிறாயா என்றேன். முழங்கைத் தழும்பைக் காட்டினாள். ரொட்டி சுடும்போது பட்ட சூடு என்று என்னிடம் சொல்லியிருந்த தழும்பு.

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அவள் எழுந்து போன பிறகும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியை அவள் பிடித்திருக்கும் பிடியே சொல்கிறது, அது அவளுடைய வண்டி என்று. எனக்குத்தான் தெரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மூட்டம். கோட்டைப்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் பாய் காலையிலேயே வந்துவிட்டார். நமக்கு நகரை. மைனருக்கு மத்தி தனியாக.

"பிள்ளைப்பேறு வீடா?" என்றார் பாய்.

"பூனைக்கு பாய்."

"அதுவும் பிள்ளைப்பேறுதானே?" என்று இரண்டு மத்தி அதிகம் போட்டார்.

வேகவைத்து முள் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பெட்டியிலிருந்து இறங்கி வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. சீறவில்லை. முன்னேற்றம்.

மதியம் சிங்கப்பூரிலிருந்து போன். என் பழைய சூப்பர்வைசர். நம் ஆள்தான், காரைக்குடிப் பக்கம். புதிதாக ஒரு கப்பல் வேலை. பழைய ஆட்கள் வேண்டுமாம். "தை கல்யாணம் முடிஞ்சதும் வாங்க. ஒங்களுக்கு வெல்டிங் வேண்டாம், சும்மா பசங்கள மேய்ச்சாப் போதும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன்.

வசந்தாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். சர்க்கரை டப்பா எது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க."

அங்கே டீ நான்தான் போடுவேன். எட்டுப் பேருக்கு. நன்றாகப் போடுகிறேன் என்பார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில், புழுக்கம். வசந்தாவும் கயலும் திருச்சியில் சேலை எடுக்க. காலை பஸ்ஸுக்கே வசந்தா போனாள். போகும்போது சொன்னவை: மாவு பிரிட்ஜில். பத்து மணிக்குத் தண்ணீர் வரும், மோட்டார் போடணும். பெட்டியைத் தொடக் கூடாது.

முதல் இரண்டையும் சரியாகச் செய்தேன்.

மதியம் மைனர் கொல்லைப் பக்கம் போனது. ஆல்பத்தின் ஓரம் சேலைக்கு அடியில் தெரிகிறது. சும்மா உருவினால் வந்துவிடும். குட்டிகளைத் தொடப்போவதில்லை. கையை விட்டேன். கறுப்பு ஒன்று முனகியது, அவ்வளவுதான். மைனர் எங்கிருந்துதான் வந்ததோ. புறங்கையில் நான்கு கோடு.

அரசு ஆஸ்பத்திரி. நர்ஸம்மா கேட்டார்: "கடிச்சுச்சா, பிராண்டுச்சா?"

"பிராண்டுச்சு."

"அதுகிட்ட ஏன் போனீங்க?"

"போட்டோ எடுக்கப் போனேன்மா."

"இந்த வயசுல செல்பி எதுக்கு சார்?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊசி போட்டார்கள். இன்னும் சில தடவை வர வேண்டுமாம்.

மாலை வசந்தா வந்து கையைப் பார்த்தாள். சேலையைப் பிரித்துக் காட்டினாள். அரக்கு, கிளிப்பச்சைக் கரை. நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு அடுப்படியிலிருந்து பாக்கியத்தக்காவோடு பேசும் சத்தம். "தொடாதீங்கன்னு சொன்னேன்க்கா." அப்புறம் இருவரும் சிரிக்கும் சத்தம்.

நவம்பர் 16, ஞாயிறு

குட்டிகள் கண் திறந்துவிட்டன. நீல நிறம். எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. எங்கேயோ பார்க்கின்றன.

மைனருக்கும் எனக்கும் சமாதானம். நான் மத்தித் தட்டோடு வரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறது. காலில் ஒரு உரசல். வசந்தா பார்த்துவிட்டு, "சோறு போடுறவங்க பக்கம்தான் நிக்கும்" என்றாள். அவளுக்குக் கொஞ்சம் பொறாமை.

அப்பாவின் படத்தைத் துடைத்தேன். அவர் தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொண்டவரில்லை. ஏதோ கல்யாணத்தில் கூட்டத்தோடு எடுத்ததிலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அதனால் அவர் தோளில் யாருடையதோ ஒரு கை இருக்கிறது. மோதிரம் போட்ட கை. யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் அந்தக் கைக்கும் சேர்த்தே பொட்டு வைக்கிறாள் வசந்தா.

நவம்பர் 19, புதன்

நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டதாம். பார்த்துவரப் போய், செருப்பைச் சேற்றில் விட்டு, வெறுங்காலோடு திரும்பினேன்.

சூப்பர்வைசர் மறுபடி மெசேஜ். இன்னும் யோசிக்கிறேன் என்று போட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இங்கே நான் இல்லாமல் எது நின்றது? கயல் படித்தாள், வேலைக்குப் போனாள். மாப்பிள்ளையை வசந்தாதான் விசாரித்து முடித்தாள். வீடு கட்டும்போது மேஸ்திரியோடு சண்டை போட்டதும் அவள். நான் பணம் அனுப்பினேன், படம் பார்த்தேன். கயலும் போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் இருவரும், பூனையும். அங்கே போனால் பத்துப் பேர் "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள்.

போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை.

மூன்று வயதில் அவள் அழுததும் சரியாகத்தான் அழுதிருக்கிறாள். யாரென்று தெரியாத ஆள்தானே.

நவம்பர் 22, சனி

மழை இல்லை. எழுத நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று மாலை கயலுக்குச் சீர் கொடுக்கும் டிரெஸ்ஸிங் டேபிள் வந்து இறங்கியது. கூடத்தில் வைத்தோம். அடி இழுப்பறை சரியாக மூடவில்லை, ஆசாரி திங்கள் வந்து இழைத்துத் தருவதாகச் சொன்னார்.

காலை எழுந்து பார்த்தால் பெட்டி காலி. நான் வாசல், கொல்லை, மாடி எல்லாம் தேடினேன். உள்ளபடியே பதறிப்போனேன். வசந்தா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். குரலில் பெருமையா கோபமா தெரியவில்லை.

"மாப்ள வீட்டுக்குப் போறதுக்கு முந்தியே பால் காய்ச்சிட்டாங்க."

இழுப்பறைக்குள் நால்வரும். புது மர வாசனையில் சுகமாக. ஆசாரிக்குப் போன் போட்டு இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன்.

பிறகு பெட்டி. சேலையை எடுத்து ஊறப்போட்டாள் வசந்தா. மேல் ஆல்பத்தின் அட்டை நனைந்து உப்பியிருந்தது, உள்ளே தாள்கள் தப்பித்தன. அடியில் மஞ்சள் பையில் உதிரிப் படங்கள். தரையில் பாய் விரித்துப் பரப்பினோம். எங்கள் கல்யாணப் படத்தில் தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒரு பெரியவரின் தலை குறுக்கே. என் கை மட்டும் தெரிகிறது. கட்டியது நான்தான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை என்றாள் வசந்தா.

ஏர்போர்ட் படம் கிடைத்தது.

ஓரம் மஞ்சளாகிவிட்டது. நான், கயல், பின்னால் கண்ணாடிக் கதவு. கயலின் வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. "பாரு, எப்பிடி அலறுறா" என்று வசந்தாவிடம் நீட்டினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இது நீங்க வந்த அன்னைக்கு எடுத்தது இல்லங்க."

"என்னடி சொல்ற?"

"சேகருக்கு கேமரா ஏது? நீங்க அந்த லீவுக்கு வரையிலதானே வாங்கியாந்து குடுத்தீங்க. வந்த அன்னைக்கு அது ஒங்க பெட்டிக்குள்ளல்ல இருந்துச்சு."

நான் படத்தை மறுபடி வாங்கினேன்.

தள்ளுவண்டியில் அட்டைப் பெட்டி. கயிறு போட்டு இறுக்கியிருக்கிறது. மேலே சேகரின் கோணல் எழுத்தில் என் பெயர், சிங்கப்பூர் முகவரி. உள்ளே என்னவென்று இப்போதும் சொல்வேன்: எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, பருப்புப்பொடி. வரும்போது யாராவது ஊறுகாய் கொண்டுவருவார்களா?

"நல்லாப் பாருங்க. அவ கை எங்க இருக்கு?"

கயலின் இரண்டு கையும் என் சட்டையில். காலரை ஒன்று, நெஞ்சுப் பக்கம் ஒன்று, கொத்தாகப் பிடித்திருக்கிறாள். அம்மாவிடம் தாவுகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். படத்தின் ஓரத்திலிருந்து வருவதோ வளையல் போட்ட ஒரு கை. வசந்தாவின் கை. குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுக்கிறது.

"பிச்சுத்தான் எடுத்தேன். விட மாட்டேன்னுட்டா. நீங்க உள்ள போன பெறகும் அந்தக் கதவுகிட்டயே நின்னு கத்துனா. சேகருதான் தூக்கியாந்தான்."

"வந்தப்ப அழுதாளே?"

"வந்தப்பவும் அழுதா. அதை யாரும் போட்டோ எடுக்கல. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. அப்புறம் லீவு முழுக்க ஒங்க இடுப்ப விட்டு எறங்கல, மறந்துட்டீங்களா?"

போன நாளைப் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை. பெட்டி எடை கூடிவிடுமோ என்ற கவலை மட்டும் நினைவிருக்கிறது.

"இத்தனை வருசம் தப்பாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

வசந்தா படங்களை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அதைச் சொல்லியிருந்தா மறு தடவை நீங்க எப்பிடிப் போயிருப்பீங்க? போகவேண்டியிருந்துச்சுல்ல."

அவள் மஞ்சள் பையை உதறி மடித்தாள்.

"இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். சிங்கப்பூருலேருந்து போன் வந்தது தெரியும். அதான் சொன்னேன்."

அதற்குப் பிறகு அவள் சேலை அலசப் போய்விட்டாள். நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். மைனர் ஒரு முறை வந்து, படங்களுக்கு நடுவில் நடந்து, போனது. விரட்டவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கயல் காலை பஸ்ஸில் வந்தாள். வந்ததும் குட்டிகள். இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம். சீர் சாமானில் முதல் வேலையாகப் பூனை குடியேறியதை மாப்பிள்ளைக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

சாப்பிட்ட பிறகு ஏர்போர்ட் படத்தைக் கொடுத்தேன். வசந்தாதான் சொன்னாள், கேமரா, கயிறு கட்டிய பெட்டி, வளையல் கை எல்லாம். கயல் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

கிணற்றடியில் போனில் பேசுவது கேட்டது.

"ஏங்க, எங்கப்பா அந்தக் கதை சொன்னாருல்ல, அது தப்பாம்... இல்ல, நான் பயந்து அழல. போகவிடாமப் பிடிச்சுக்கிட்டு அழுதுருக்கேன்... சும்மா சொல்லலைங்க, படத்துலயே இருக்கு. நல்லாப் பிடிச்சிருக்கேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இல்ல இல்ல, அழல. சளி."

உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துத் தின்றாள்.

"சட்டை கிழிஞ்சுச்சாப்பா அன்னைக்கு?"

அவள் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. விமானத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், மேல் பட்டன் இல்லை. புதுச் சட்டை. அரிமளத்துத் தையல்காரரை வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன்.

"ஒரு பட்டன் போச்சு."

"ஸாரிப்பா."

"பரவாயில்ல ஆத்தா."

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இளவெயில். காலையில் சூப்பர்வைசருக்கு நானே போன் செய்தேன்.

"வரலைங்க. மன்னிச்சுக்கங்க."

"என்னங்க, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அங்க என்ன வேலை?"

திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் சாம்பல் குட்டி இழுப்பறையிலிருந்து முதல் தடவையாகக் குதித்து, குப்புற விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் முதுகை நக்கிக்கொண்டிருந்தது.

"இருக்குங்க, நெறையா" என்றேன்.

நல்ல மனிதர். கல்யாணப் பத்திரிகை அனுப்பச் சொன்னார்.

அடுப்படியில் வசந்தா பாத்திரத்தை உருட்டாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்தவள் ஒரு பையை என் கையில் கொடுத்தாள்.

"அரிசி மில்லுக்குப் போகணும். கயலு கல்யாணத்துக்கு முறுக்கு மாவு. நைசா அரைக்கச் சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க, விட்டுட்டு டீக்கடைக்குப் போயிராதீங்க. வரும்போது தேங்காய். பாத்து வாங்குங்க, போன தடவை அழுகல். சாயந்தரம் கொடிக் கயிறு ஒன்னு கட்டணும் மாடியில."

"தாழ்வாக் கட்டிருவேன்."

"கட்டுங்க. கட்டுனாத்தானே வரும்."

மாவு நைசாக அரைத்து வந்தது. டீக்கடைக்குப் போகவில்லை. தேங்காயில் ஒன்று அழுகல்.

நவம்பர் 30, ஞாயிறு

குளிர் காற்று. மூவரும் புதுகை. வீடியோக்காரரிடம் படங்களைக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். ஏர்போர்ட் படத்துக்குக் கயலே சொன்னாள்: "அப்பாவை விட மாட்டேன்." அவர் அப்படியே தட்டினார்.

வளையல்கடை, பட்டுநூல், தாம்பாளம். மதியம் சாப்பாடு. கயல் அப்படியே திருச்சி பஸ் ஏறினாள். கறுப்புக் குட்டியில் ஒன்று அவளுக்காம், கல்யாணத்துக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்வாளாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்டாயிற்றா என்றாள் வசந்தா. "சொல்லியாச்சும்மா" என்றாள் கயல். கேட்கவில்லை, சொல்லியாயிற்று. அம்மா பிள்ளைதான்.

அரிமளம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கீழ ராஜ வீதியில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு ஸ்டுடியோ வாசலில் வசந்தா நின்றாள்.

"என்னங்க, தாலி கட்டுன படத்துலயும் யாரோ தலை மறைக்குது. நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கிற மாதிரி ஒரு படம் இல்ல."

உள்ளே போனோம். அருவித் திரை எதுவும் இப்போது கிடையாது. வெள்ளைச் சுவர், இரண்டு ஸ்டூல். அவள் சீப்பு வாங்கி என் தலையை வாரிவிட்டாள். எல்லார் முன்னாலும். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியில் வைத்தேன்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார்.

"சார், கொஞ்சம் சிரிங்க."

நான் சரிசெய்துகொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் சார்."

"நீங்க எடுங்க தம்பி," என்றாள் வசந்தா. "அவரு சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. அவரு சிரிச்சா இப்படித்தான் இருக்கும்."